பழைய கார் காட்டும் அறிகுறிகள்: பணம் கொடுக்கும் முன்பும் பிரிக்கத் தொடங்கும் முன்பும்

விற்பனைக்கு நிற்கும் ஒரு பழைய காரைப் பார்க்கப் போகும்போது, நாம் வரும்வரை இன்ஜினைக் கிளப்ப வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே சூடேறி நிற்கும் இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். குளிர்ந்த இன்ஜின் கிளம்பும் முதல் ஒரு நிமிடத்தில் தெரியும் புகையும், கேட்கும் தட்டல் ஓசையும், ஆயில் அழுத்தம் ஏற எடுத்துக்கொள்ளும் நேரமும் பிறகு எவ்வளவு நேரம் ஓட்டினாலும் திரும்பக் கிடைக்காது. ஆகவே போய்ச் சேர்ந்ததும் ரேடியேட்டருக்கு அருகில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுவது நல்லது.

பழைய கார்களில் ஒரே அறிகுறிக்குப் பல காரணங்கள் இருக்கும். அவற்றுள் ஒன்று அரை மணி நேர வேலையாகவும் மற்றொன்று இரண்டு ஆண்டு வேலையாகவும் இருக்கலாம். விலையைத் தீர்மானிக்க வேண்டியது அந்தக் காரணமே. இன்ஜின் கிளம்பவில்லை என்பதற்காக நல்ல உடல் கொண்ட காரை விட்டுவிடுகிறவர்களும், இன்ஜின் இனிமையாக ஓடுகிறது என்பதற்காக உள்ளே அரித்துப்போன உடலை வாங்கி வருகிறவர்களும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்ய நூற்றாண்டுக்கால அனுபவம் தொழிலில் இருக்கிறது. உடலின் உருவத்தையும் காரின் அடையாளத்தையும் மீட்பதுதான் கடினம். எனவே பரிசோதனையையும் அந்த வரிசையிலேயே தொடங்குகிறேன்.

எண்கள் ஒத்துவரவில்லை

பதினேழு எழுத்தும் எண்ணும் கொண்ட வாகன அடையாள எண் அமெரிக்காவில் 1981 மாடல் ஆண்டு முதல்தான் கட்டாயமானது. அதற்கு முந்தைய கார்களில் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தமக்கென்று ஒரு முறையை வைத்திருந்தார்கள். சேசிஸ் எண் ஓரிடத்திலும், இன்ஜின் எண் ஓரிடத்திலும், உடலுக்கான எண் வேறோரிடத்திலும் இருக்கும். இவை ஆவணங்களோடு பொருந்தாவிட்டால் எந்த எண் பொருந்தவில்லை என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இன்ஜின் எண் மட்டும் மாறியிருந்தால், காரின் வாழ்நாளில் எப்போதோ இன்ஜின் மாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். அதே வகை இன்ஜின் அதே காலத்தில் மாற்றப்பட்டிருந்தால் அது மோசடி இல்லை. அக்காலப் பணிமனைகளில் வழக்கமாக நடந்ததுதான். ஓட்டி மகிழ வாங்குகிறவருக்கு இதனால் இழப்பு குறைவு. ஆனால் "தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே" என்று விலை சொல்லப்பட்டால் அந்த விலையை ஏற்க வேண்டியதில்லை. எண் பொருந்துகிறது, ஆனால் அது பொறிக்கப்பட்ட பரப்பு சந்தேகமாக இருக்கிறது என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள். இயந்திரம் சீவிய மெல்லிய கோடுகள் சுற்றிலும் இருக்க, எண் இருக்கும் இடம் மட்டும் வழவழப்பாகத் தேய்க்கப்பட்டிருப்பதும், எழுத்துகள் ஏற்ற இறக்கமாக நிற்பதும் பழைய எண்ணை அழித்துப் புதிதாக அடித்ததன் அடையாளங்கள். சேசிஸ் எண்ணில் இவ்வாறு தென்பட்டால், கார் எவ்வளவு பிடித்திருந்தாலும் விலகிவிடுங்கள். இது எந்த மெக்கானிக்கும் சரிசெய்யக்கூடிய பழுது அன்று.

சில தயாரிப்பாளர்களின் பழைய உற்பத்திப் பதிவேடுகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, எம்ஜி, ஆஸ்டின், மோரிஸ் போன்ற பெயர்களுக்குப் பிரிட்டிஷ் மோட்டார் இண்டஸ்ட்ரி ஹெரிடேஜ் டிரஸ்ட் சான்றிதழ் வழங்குகிறது. கார் எந்த நிறத்தில், எந்த இன்ஜின் எண்ணோடு வெளியேறியது என்பதை அங்கே கேட்டுப் பெற்ற பிறகு விலை பேசுவது இருவருக்கும் நியாயம்.

கதவு தொங்குகிறது, அல்லது இடித்து மூடுகிறது

ஒரு பழைய காரில் நான் மிகுதியாக நேரம் செலவிடும் இடம் கதவுதான், ஏனெனில் காரின் முழு எலும்புக்கூடும் கதவைச் சுற்றியுள்ள இடைவெளியில் வெளிப்பட்டுவிடுகிறது. கதவைப் பாதி திறந்து, அதன் ஓரத்தைப் பிடித்து மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். கீலில் ஆட்டம் தெரிந்தால் கீல் ஊசி தேய்ந்திருக்கிறது. அது சிறிய வேலை. கீலில் ஆட்டம் இல்லாமலேயே கதவு தாழ்ந்து நின்றால் அல்லது தூக்கும்போது கீல் பொருத்தப்பட்ட தூணே அசைந்தால், தூணின் அடிப்பகுதி அரித்திருக்கிறது.

அடுத்து, கதவுகளை மூடி இடைவெளியை மேலும் கீழும் ஃபீலர் கேஜாலோ (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) மடித்த காகிதத்தாலோ அளந்து குறித்துக்கொள்ளுங்கள். விற்பவரின் அனுமதியோடு காரின் ஒரு பக்கத்தை ஜாக்கியால் தூக்கி மறுபடி அளக்க வேண்டும். முன்பு எளிதாகத் திறந்த கதவு இப்போது இறுகினால், கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டம் தன் வலிமையை இழந்துவிட்டது. தனிச் சேசிஸ் இல்லாமல் உடலே எடையைத் தாங்கும் கார்களில் இது மிகக் கடுமையான செய்தி. 1922-இல் லான்சியா லாம்ப்டாவும் 1934-இல் சிட்ரோயன் டிராக்சியோன் அவாங்கும் கொண்டுவந்த அந்தக் கட்டமைப்பு பின்னர் பெரும்பாலான கார்களுக்கும் பரவியது. தனிச் சேசிஸ் உள்ள கார் என்றால் பதற்றப்படாமல், உடலுக்கும் சேசிஸுக்கும் இடையிலுள்ள தாங்கு திண்டுகளையும் தகட்டு அடுக்குகளையும் முதலில் பாருங்கள். திண்டு ரப்பர் நசுங்கியதாலேயே கதவு சாய்ந்திருக்கலாம்.

மரச்சட்டத்தின் மேல் தகடு போர்த்திய உடல்களில் நிலைமை வேறு. உலகப் போருக்கு முந்தைய பல உடல்களிலும், எம்ஜி டி வரிசையிலும், 1953 முதல் 1971 வரை வந்த மோரிஸ் மைனர் டிராவலரின் பின்பகுதியிலும் ஆஷ் மரம் அழகுக்காக வைக்கப்பட்டதன்று, அமைப்பைத் தாங்குவது. கதவுத் தூணின் திருகாணியைத் திருப்பிப் பாருங்கள். அது இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் மரம் உளுத்துவிட்டது. மரத்தில் விரலால் தட்டும்போது உலர்ந்த கெட்டியான ஒலி வர வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது.

சீரமைக்கும்போது பலர் செய்யும் பெரும்பிழை இங்கேதான் நிகழ்கிறது. அரித்த சட்டத்தை வெட்டி எடுப்பதற்கு முன்பாக, கதவு இருந்த வெளியில் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாகப் பற்றவைத்து உடலை இறுக்கிக்கொள்ள வேண்டும். காரின் எடை அதன் சக்கரங்கள் தாங்கும் இடங்களிலேயே நிற்கும்படி முட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். கூரையில்லாத கார்களில் இதைச் செய்யாமல் வெட்டினால் உடல் நடுவில் தொய்ந்துவிடும். புதிய சட்டத்தைப் பற்றவைத்ததும் அந்தத் தொய்வு நிரந்தரமாகிவிடும், அதன்பின் கதவு ஒருபோதும் சரியாகப் பொருந்தாது. ஒவ்வொரு கட்டத்திலும் பழைய கதவையே மாட்டிப் பார்த்துச் சோதிப்பதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை.

பெயின்ட் கொப்பளிக்கிறது, சுருங்குகிறது, தூளாகிறது

மூன்றும் வெவ்வேறு நோய்கள். தகடுகள் இணையும் ஓரங்களில் குண்டூசித் தலையளவு கொப்புளங்கள் வரிசையாகத் தெரிந்தால், துரு உட்புறத்திலிருந்து வெளியே வருகிறது என்று கொள்ளுங்கள். வெளியே தெரிவதைப் போலப் பல மடங்கு உள்ளே இருக்கும். தட்டையான பரப்பின் நடுவில் கொப்பளித்து, உரித்தால் கீழே பளபளப்பான தகடு தெரிந்தால், அது பெயின்ட் ஒட்டாத குறைதான். சுருங்கிய தோல்போலத் தெரிவது பெரும்பாலும் சிந்தெட்டிக் எனாமலின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட் அடித்ததால் வருவது. மேல் பெயின்ட்டிலுள்ள கரைப்பான் கீழ் அடுக்கைத் தூக்கிவிடுகிறது. அலுமினியத் தகடு இரும்புச் சட்டத்தைத் தொடும் இடங்களில் வெண்தூள் தென்பட்டால் இரு உலோகங்களுக்கிடையில் நடக்கும் மின்வேதி அரிப்பு அது. லேண்ட் ரோவர் போன்ற அலுமினிய உடல் கார்களைத் துருப்பிடிக்காதவை என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். உடல் பிழைத்திருந்தாலும் அடியிலுள்ள இரும்புச் சேசிஸ் அரித்திருக்கும்.

பட்டி (பள்ளங்களை நிரப்பும் பூச்சு) எவ்வளவு தடிமனாகப் பூசப்பட்டிருக்கிறது என்பதை அறிய, மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தமே போதும். மட்கார்டின் கீழ்ப்பகுதி, கதவின் அடி விளிம்பு, டிக்கி மூடியின் ஓரம் ஆகியவற்றில் காந்தம் பிடிக்காமல் நழுவினால் அங்கே தகட்டுக்குப் பதிலாகப் பட்டிதான் இருக்கிறது. தடிமன் அளக்கும் கருவி இருந்தால் இன்னும் துல்லியமாகத் தெரியும். தொழிற்சாலைப் பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். 1000 மைக்ரானைத் தாண்டினால் பட்டி என்பதில் ஐயமில்லை. 1953-இல் வந்த செவர்லே கார்வெட் போன்ற கண்ணாடியிழை உடல்களில் காந்தமும் சாதாரணக் கருவியும் பயன்படாது. அங்கே நட்சத்திரம்போலப் பிரியும் நுண்விரிசல்களைத் தேட வேண்டும்.

பெயின்ட் மங்கிப்போய், ஆனால் காரோடு பிறந்ததாகவே இருந்தால், அதைக் குறையாக எண்ணிச் சுரண்டிவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மஜ்ஜோரே ஏரியின் அடியில் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடந்த 1925-ஆம் ஆண்டு புகாட்டி பிரெசியா கார் ஒன்று 2009-இல் வெளியே எடுக்கப்பட்டது. பெரும்பகுதி அரித்துப்போன அந்த நிலையிலேயே அது மறு ஆண்டு பாரிஸ் ஏலத்தில் 2,60,500 யூரோவுக்கு விலைபோனது. பின்னர் சீரமைக்கப்படாமல் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. பழங்கால வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012-இல் ஏற்ற டூரின் சாசனமும், சீரமைப்பைவிடப் பாதுகாப்பையே முதன்மையாக வைக்கிறது; மாற்றிய பாகங்களை அடையாளம் காணும்படி குறியிட வேண்டும் என்றும் சொல்கிறது. எந்த காரையும் மறுபடி புதிதாக்கலாம். பிறந்தபடியே வைத்திருப்பதற்கு ஒரு வாய்ப்புதான் உண்டு.

பல ஆண்டுகள் நின்ற இன்ஜின் கிளம்பவில்லை

முதலில் செல்ஃப் மோட்டாரைத் தொடாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது மெல்லிய எண்ணெய் ஊற்றி, ஒரு நாளாவது ஊறவிட்டு, பின் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகி நின்றால் ஒரு ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) துருவால் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். மீண்டும் எண்ணெய் விட்டுப் பொறுத்திருங்கள். கியரில் போட்டு வேறொரு வண்டியால் இழுத்துச் சுற்ற முயன்றால் ரிங்குகள் உடையும், பல சமயம் பிஸ்டனும் உடையும்.

இன்ஜின் கையால் சுற்றுகிறது, ஆனால் செல்ஃப் அடித்தால் மந்தமாகச் சுற்றுகிறது என்றால் பாட்டரியைக் குறைசொல்லும் முன் கம்பிகளைப் பாருங்கள். 1950-களின் நடுப்பகுதிவரை மிகப் பல கார்கள் 6 வோல்ட்டில் ஓடின; ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 12 வோல்ட்டுக்கு மாறத் தொடங்கியதே 1967 மாடலில்தான். அதே ஆற்றலுக்கு 6 வோல்ட்டில் இரு மடங்கு மின்னோட்டம் தேவை என்பதால் தடித்த கம்பி வேண்டும். யாரோ ஒருவர் 12 வோல்ட் காருக்கான மெல்லிய கம்பியைப் போட்டிருந்தால் புதிய பாட்டரியும் பலனளிக்காது. செல்ஃப் அடிக்கும்போது பாட்டரியின் எர்த் முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே வோல்ட்மீட்டர் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை துருப்பிடித்திருக்கிறது. 1960-களின் பிற்பகுதிவரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் எர்த்தாக இருப்பது பாட்டரியின் நேர்முனை. இதை உறுதிப்படுத்தாமல் பாட்டரியை இணைக்கவே கூடாது.

நன்றாகச் சுற்றியும் கிளம்பவில்லை என்றால் பொறியா பெட்ரோலா என்று பிரியுங்கள். ஒரு பிளக்கைக் கழற்றி இன்ஜின் உடலில் தொடும்படி வைத்துச் சுற்றும்போது நீலப் பொறி அழுத்தமாக வர வேண்டும். வராவிட்டால் பிளக்குகளுக்குப் பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, பாயின்ட்டை, அதாவது மின்னோட்டத்தைத் துண்டித்து இணைக்கும் தொடுமுனைகளைப் பாருங்கள். நீண்ட நாள் நின்ற காரில் பாயின்ட் முகப்பில் படியும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் அடிக்கடி காணும் காரணம். இடையில் சுத்தமான காகிதத்தை வைத்து இழுத்தாலே சில சமயம் பொறி வந்துவிடும். இடைவெளி நான்கு சிலிண்டர் கார்கள் பலவற்றில் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் இருக்கும். உங்கள் காருக்கு உரிய கையேட்டின் அளவையே பின்பற்றுங்கள். பாயின்ட் கருகியிருந்தால் கண்டன்சரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

பொறி சரி, ஆனால் பிளக் உலர்ந்தே இருக்கிறது என்றால் பெட்ரோல் வரவில்லை. டாங்கிலிருந்து வார்னிஷ் வாசனை வந்தால் பழைய பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்டு, பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டரின் ஃப்ளோட் ஊசி, ஜெட் ஆகியவற்றை வரிசையாகச் சுத்தம் செய்ய வேண்டும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை மென்மையாக்கி உதிரச் செய்யும் என்பதால் குழாய்களை அதற்கு ஏற்றவையாக மாற்றிவிடுவது பாதுகாப்பு. உதிர்ந்த குழாய் கசிவதே தீ விபத்துக்கு வழி.

ஓடிச் சூடான பின் நின்றுவிடுகிறது, ஆறிய பின் கிளம்புகிறது

நின்ற உடனேயே, ஆறுவதற்கு முன், பொறியைச் சோதியுங்கள். பொறி இல்லையென்றால், பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில் அல்லது கண்டன்சர்தான் காரணம். பொறி இருந்தால் டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்றை உள்ளிழுக்கும் சத்தம் கேட்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. சத்தம் இல்லையென்றால் சைலன்சருக்கு அருகே செல்லும் பெட்ரோல் குழாயில் ஆவி அடைப்பு ஏற்பட்டிருக்கலாம். குழாயை நகர்த்துவதே மருந்து.

புகையும் கம்ப்ரஷன் இறக்கமும்

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, ஆனால் எப்போது வருகிறது என்பதைப் பொறுத்தே செலவு மாறும். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மீண்டும் மிதிக்கும்போது மட்டும் ஒரு பொதி நீலப் புகை வந்தால் வால்வு கைடு (வால்வின் தண்டு நகரும் குழல்) தேய்ந்திருக்கிறது. ஏற்றத்தில் மிதிக்க மிதிக்கத் தொடர்ந்து வந்தால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. சூடேறிய பிறகும் நிற்காத, இனிப்பு வாசனையுள்ள வெண்புகை குளிரூட்டும் நீர் எரிவதைக் காட்டுகிறது. கரும்புகை பெட்ரோல் மிகுதி. சோக் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) அளக்கும்போது இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், எல்லாப் பிளக்குகளும் கழற்றப்பட்டிருக்க வேண்டும், ஆக்சிலரேட்டர் முழுவதும் மிதித்திருக்க வேண்டும். எண்ணின் உயரத்தைவிடச் சிலிண்டர்களுக்கிடையிலான வேறுபாடே முக்கியம். பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் மனநிறைவு கொள்ளலாம். தாழ்ந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்தால், ஏறுகிறது என்றால் ரிங், ஏறவில்லை என்றால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாகத் தாழ்ந்திருந்தால் அவற்றுக்கிடையே ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கிறது.

ஆயில் அழுத்தத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, நன்கு சூடேறிய இன்ஜினில் நிமிடத்துக்கு 1000 சுற்றுக்குச் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு என்பதாகும். குளிரில் காட்டும் அழுத்தத்துக்கு மதிப்பே இல்லை. தேய்ந்த இன்ஜினில் தடித்த ஆயிலை ஊற்றி அழுத்தத்தை உயர்த்திக் காட்டுவதும் உண்டு என்பதால், ஆயில் அளவு பார்க்கும் கம்பியில் ஒட்டும் ஆயிலை விரலில் தடவிப் பாருங்கள்.

டேப்பட் இடைவெளி தானாகக் குறைகிறது

1923 முதல் விற்கப்பட்ட ஈயம் கலந்த பெட்ரோல், சாலை வாகனங்களுக்கு உலகெங்கும் 2021-இல் முடிவுக்கு வந்தது. எரிந்த ஈயம் வால்வு இருக்கைகளின் மேல் ஒரு காப்புப் படலமாக நின்றது. அந்தக் காப்பு இல்லாதபோது, மென்மையான வார்ப்பிரும்பு ஹெட் கொண்ட கார்களை அதிவேகத்தில் நீண்ட நேரம் ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு தன் இருக்கையை அரித்து உள்ளே இறங்கும். சரிசெய்த டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் இடையிலுள்ளது) சில நூறு கிலோமீட்டருக்குள் மூடிக்கொள்வதும், டேப்பட் ஓசை ஐயப்படும்படி அடங்கிப்போவதும் இதன் அறிகுறிகள். கடினமான இருக்கை வளையங்களைப் பொருத்துவதே நிரந்தரத் தீர்வு. ஆனால் அறிகுறி இல்லாத காரின் ஹெட்டை இதற்காகவே கழற்ற வேண்டாம் என்பது என் கருத்து. வேறு வேலைக்குக் கழற்றும் நாளில் செய்துகொள்ளலாம்.

வெப்பம் ஏறுகிறது

மெதுவாக ஓட்டும்போது மட்டும் ஏறினால் காற்றோட்டம், அதாவது விசிறியும் பெல்ட்டும். வேகத்தில் ஏறினால் நீரோட்டம், அதாவது ரேடியேட்டர் அடைப்பு. ரேடியேட்டர் புதிதாக இருந்தும் ஏறினால், இன்ஜின் பிளாக்கின் பின்கோடியில் படிந்த சேற்றைச் சந்தேகியுங்கள். பிளாக்கின் வடிகுழாய்த் திருகைத் திறந்தும் நீர் வரவில்லை என்றால், கம்பியால் குத்தி, எதிர்த்திசையில் நீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். பொறி நேரம் பின்தங்கியிருந்தாலும் இன்ஜின் கொதிக்கும். ரேடியேட்டரில் குமிழிகள் தொடர்ந்து எழுந்தால், சிலிண்டரில் எரிந்த வாயுவைக் கண்டால் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் சோதனைத் திரவத்தைக் கொண்டு ஹெட் கேஸ்கெட்டை உறுதிசெய்யலாம்.

பிரேக் இழுக்கிறது, இறங்குகிறது, விடுபட மறுக்கிறது

இங்கே எதையும் தள்ளிப்போடக் கூடாது. மிதித்தால் ஒரு பக்கம் இழுக்கும் கார் மறுபக்கத்தில் இறுகிய வீல் சிலிண்டரையோ, ஆயில் பட்ட பிரேக் லைனிங்கையோ கொண்டிருக்கிறது. பெடல் பஞ்சுபோல இருந்தால் காற்று. மிதித்துப் பிடித்திருக்கும்போது மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் உள்ரப்பர். மிதித்து விட்ட பின்னும் சக்கரம் பிடித்துக்கொண்டே இருந்தால், வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்த ரப்பர் ஹோஸ்தான் காரணம். கிளைக்கால் அடிப்படையிலான பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் என்பதால், நீண்ட நாள் நின்ற காரில் எல்லா ரப்பரையும் ஒரே முறையில் மாற்றுங்கள். சிலிக்கான் திரவத்தை அதனோடு கலக்காதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும்; டிரம்முக்குள் உள்ள தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். ஃபோர்டு 1939 மாடல் வரும்வரை ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தால் இயங்கும்) பிரேக்குக்கு மாறவில்லை; அத்தகைய கம்பி பிரேக் கார்களில் நான்கு சக்கரமும் சமமாகப் பிடிக்கும்படி நேரமெடுத்துச் சரிசெய்வதே முழு வேலையும்.

ஸ்டீரிங்கில் ஆட்டம் இருந்தால் கிங் பின்னுக்கும் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி) ஸ்டீரிங் பெட்டிக்கும் முன்பாக டயரைப் பாருங்கள். பக்கவாட்டிலுள்ள தேதிக் குறி நான்கு இலக்கமாக இல்லாமல் மூன்று இலக்கமாக இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அதில் ஓட்டக் கூடாது. முதல் கியர் நகரும்போது உறுமினால் அது பழுதாக இருக்க வேண்டியதில்லை, பல கார்களில் சிங்க்ரோமெஷ் (கியர்களின் வேகத்தைச் சமன்செய்து இணைக்கும் அமைப்பு) இல்லாத முதல் கியரின் பற்கள் நேராக வெட்டப்பட்டவை.

எந்தக் குறையும் தென்படவில்லை

புதிதாகச் சீரமைக்கப்பட்டு மின்னும் காரில்தான் நான் மிகவும் தயங்குகிறேன். அடித்தகடு முழுவதும் கருந்தார் பூசப்பட்டு, அது இன்னும் மணந்துகொண்டிருந்தால், அதன்கீழ் என்ன இருக்கிறது என்று விற்பவரே காட்ட வேண்டும். உண்மையாக உழைத்துச் சீரமைத்தவர் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்திருப்பார். வெட்டிய தகடும், பற்றவைத்த ஓரமும், பிரித்த இன்ஜினும் அந்தப் படங்களில் இருக்கும், பாகங்கள் வாங்கிய ரசீதுகளும் இருக்கும். அவை இல்லையென்றால் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள், பின் இருக்கையின் அடியில் கைவிட்டுத் தடவுங்கள், நீளமாக ஓட்டிப் பாருங்கள். திரும்பி வந்ததும் அடியில் வெள்ளைக் காகிதங்களை விரித்துவிட்டு, விற்பவர் சம்மதித்தால் மறுநாள் காலைவரை காரை அங்கேயே நிறுத்திவையுங்கள். காகிதத்தில் சொட்டியிருப்பது இன்ஜின் ஆயிலா, கியர் ஆயிலா, பிரேக் திரவமா, ரேடியேட்டர் நீரா என்று நிறத்தையும் வாசனையையும் கொண்டு பிரித்துப் பார்த்த பிறகு விலையைப் பேசத் தொடங்கலாம்.